அரைப் பயணி

ஓடைக்குறிச்சியிலிருந்து நாளொன்றுக்கு அரைப் பயணி ரயில் ஏறுகிறார் என்ற உண்மையைப் போன பங்குனியில்தான் ரயில்வே கண்டுபிடித்தது. அதுவரை யாருக்கும் இது தெரியாது. தினமும் காலை ஆறு நாற்பது பாசஞ்சரில் விருதுநகருக்கு வேலைக்குப் போய்வந்த இருநூறு பேருக்கும் தெரியாது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கமிஷனுக்கு அவர்களுக்கு டிக்கெட் விற்ற ராஜபாண்டிக்கும் தெரியாது. படித்தவர்கள் வந்து எண்ணிச் சொன்ன பிறகுதான் ஊருக்கே விளங்கியது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, கரிசல் காடும் வேலிக்கருவையும் சூழ்ந்த ஊர் அது. பஸ் வேண்டுமென்றால் மெயின் ரோட்டு விலக்கு வரை மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் பஸ் ஒன்பதேகாலுக்கு. அதனால் ஊருக்கு எல்லாமே அந்தப் பாசஞ்சர்தான். எட்டுப் பெட்டி வரும்.

சௌடம்மாள் ஏறுவது கடைசிப் பெட்டியில். அவள் கணவர் கருணாகரனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். எட்டரைக்குள் போய்ச் சேராவிட்டால் மெஷின் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். அது நியாயம்தான், அவரும் சாகக் கிடக்கிறவர்தானே. வீட்டில் இரண்டு பவர்லூம் தறி. மற்ற நாளெல்லாம் சௌடம்மாள் தறிக்குச் சொந்தம், இந்த இரண்டு நாள் கணவருக்கு. கடைசிப் பெட்டியில் கூட்டம் இருக்காது. நீளச் சீட்டில் அவரைப் படுக்கவைத்து, வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அவள் ரயில்வேயிடம் எதிர்பார்த்ததெல்லாம் அந்த ஒரு சீட்டுதான்.

இப்படி இருக்கையில்தான் கோட்ட அலுவலகத்தில் ‘தேவை ஒத்திசைவுப் பிரிவு’ பிறந்தது. ஆள் கூடினால் பெட்டியைக் கூட்டுவது, குறைந்தால் குறைப்பது என்பது அதன் கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகத் தொடங்காத அநியாயம் உலகத்தில் எங்கே இருக்கிறது? பிரிவுக்குத் தலைவர் சக்திகுமார் என்ற அதிகாரி. பயணிகளைப் பற்றி நான்கு கட்டுரை எழுதியவர். ஒரு பயணியையும் நேரில் பார்த்ததில்லை என்பதால் அவருடைய கட்டுரைகளில் பாரபட்சம் கிடையாது.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை பதினொரு பேர் கொண்ட குழு ஓடைக்குறிச்சியில் வந்து இறங்கியது. பந்தல் போட்டார்கள். ‘உங்கள் தேவையே எங்கள் பெட்டி’ என்று பேனர் கட்டினார்கள். எட்டு நாள் உட்கார்ந்து, ரயில் ஏறும் ஒவ்வொருவரையும் எண்ணப் போவதாகச் சொன்னார்கள். ராஜபாண்டிக்குக் கணக்கு உதைத்தது. ஏனென்றால் முந்தின நாள் செவ்வாய்க்கிழமைதான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

காப்பு என்பது மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் நூல்தான். ஆனால் ஓடைக்குறிச்சியில் அதைக் கட்டிவிட்டால், பொங்கல் முடிந்து அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மில்லுக்குப் போகிறவனும் லீவு போடுவான், துணிக்கடைக்குப் போகிறவளும் லீவு போடுவாள். முதலாளிகளுக்கும் இது பழக்கம், கேள்வி கேட்க மாட்டார்கள். கருணாகரனுக்கு மட்டும் விதிவிலக்கு. “ஆஸ்பத்திரி போற பிள்ளைய ஆத்தா மறிக்க மாட்டா. ஒனக்கும் ஒன் வீட்டம்மாவுக்கும் காப்பு வேண்டாம்ப்பா” என்று பூசாரி பொன்ராஜ் மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அதற்காக அவர் எந்தப் படிவத்தையும் பூர்த்தி செய்யச் சொல்லவில்லை.

ஆக, எட்டு நாளும் பதினொரு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை சௌடம்மாளும் கருணாகரனும் ஏறினார்கள். செவ்வாய்க்கிழமை சௌடம்மாளும் கருணாகரனும் ஏறினார்கள். மற்ற ஆறு நாளும் ரயில் மேடையில் ஆடுகள் மட்டும் நின்றன. ஆடுகளைக் குழு எண்ணவில்லை, அந்த அளவுக்கு நேர்மையானவர்கள். மொத்தம் நான்கு ஏற்றம், எட்டு நாள். வகுத்தால் நாளொன்றுக்கு அரை.

கடைசி நாளன்று சக்திகுமாரே வந்து முடிவை மைக்கில் வாசித்தார். ராஜபாண்டி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

“சார், ஊரு பூராம் காப்புல இருக்கு. அதான் ஒருத்தரும் ஏறல. நாளைக்கு வந்து எண்ணுங்க, எரநூறு பேரு நிப்பாக.”

சக்திகுமார் தன் கையிலிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். பயணிகள் குறைவதற்கு அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் மொத்தம் ஒன்பது. புயல், வெள்ளம், தேர்தல், கடையடைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தது. காப்புக்கு எண் இல்லை.

“பட்டியலில் இல்லாத காரணம் காரணமே அல்ல” என்றார் அவர். “இருந்தாலும் நாங்கள் மக்கள் சேவகர்கள். ஆதாரம் கொடுங்கள், பரிசீலிப்போம்.”

ராஜபாண்டி அன்று மத்தியானமே வீடு வீடாகப் போய், நூல் கட்டிய நானூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டுகளைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. மணிக்கட்டுகளில் முகம் தெளிவாகத் தெரியாததால் மனு நிராகரிக்கப்படுகிறது.

சௌடம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு அதிகாரி ஜீப்புக்குப் போகும்போது வழியில் நின்று கேட்டாள்.

“சார், அரைப் பயணின்னு சொன்னீகள்ல? போறது நாங்க ரெண்டு பேரு. அதுல அரைன்னா எது சார்? இவுகளா, நானா?”

“அது சராசரி அம்மா. சராசரியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்” என்றார் சக்திகுமார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது.

சித்திரை பிறந்ததும் எட்டுப் பெட்டி இரண்டானது. முதல் செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு பெட்டியும் திருச்சுழியிலிருந்தே புளிமூட்டையாக வந்து நின்றன. மேடையில் இருநூறு பேர். இளவட்டங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். சௌடம்மாள் கணவரை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, அவர் உட்காரக் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்டூலை மறுகையில் பிடித்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் மாறி மாறி ஓடினாள். ஓட முடியாத மனுஷனை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? வண்டி கிளம்பிப் போய்விட்டது. கருணாகரன் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அன்றைக்கு டயாலிசிஸ் இல்லை. மறுநாள் அவருக்கு முகமெல்லாம் ஊதி, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், பருத்தி ஏற்றுகிற லோடு ஆட்டோவில் பாயை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். டாக்டர் சௌடம்மாளைத்தான் திட்டினார்.

“ஒரு தடவை விட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துரும்னு சொன்னேனா இல்லையாம்மா? இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்ல.”

அவர் சொன்னது சரிதான். அவர் மட்டுமல்ல, இந்த விஷயத்தில் யாருமே பொறுப்பில்லை. பெட்டியைக் குறைத்தவர் கணக்கைக் கைகாட்டினார், கணக்குப் போட்டவர் எண்ணியவரைக் கைகாட்டினார், எண்ணியவர் நான் கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்றார். அத்தனை பேரும் யோக்கியர்கள். ஒரு மனுஷன் மட்டும் தன் மூச்சுக்குத் தானே பொறுப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் போராட்டம்தான். சில நாள் ஊர்க்காரர்களே நாலு பேர் கருணாகரனை மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். கழிப்பறை வாசலில் உட்கார்ந்து போனார். வைகாசியில், அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயணிகள் குறைதீர் கூட்டம் என்று அறிவித்தார்கள். சௌடம்மாள் தறியை நிறுத்திவிட்டுப் போனாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நாற்காலி முந்நூறு போட்டிருந்தார்கள். இங்கே மட்டும் எந்த வகுத்தல் கணக்கைப் போட்டார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

சக்திகுமார் முக்கால் மணி நேரம் பேசினார்.

“முன்பு இந்தத் தடத்தில் எட்டுப் பெட்டி ஓடியது. பல இருக்கைகள் காலியாகக் கிடந்தன. சிலர் அவற்றில் படுத்துக்கொண்டும் போனார்கள் என்பதை வேதனையோடு தெரிவிக்கிறேன். இன்று ஒரு இருக்கைகூடக் காலியில்லை! நூறு பேருக்கான பெட்டியில் முந்நூற்று நாற்பது பேர் போகிறார்கள். இது எங்கள் திட்டத்தின் வெற்றி இல்லையா?” அவரே கைதட்டினார், மேடையில் இருந்தவர்களும் தட்டினார்கள். “கூட்டம் இருக்கிறதே, பெட்டியைக் கூட்டுங்கள் என்கிறீர்கள். பெட்டியைக் கூட்டினால் என்ன ஆகும்? மக்கள் வந்து ஏறிவிடுவார்கள்! பிறகு அதையே பழக்கமாக்கிக்கொள்வார்கள். ஒரு பொறுப்புள்ள நிர்வாகம் அதற்கு இடம் கொடுக்கலாமா?”

சௌடம்மாள் எழுந்து நின்றாள்.

“ஏற முடியாம மேடையில நிக்கிறவுகள யாரு சார் எண்ணுறது?”

“நல்ல கேள்வி. ரயிலில் ஏறியவர் பயணி. ஏறாதவர் பொதுமக்கள். பொதுமக்கள் எங்கள் துறையில் வர மாட்டார்கள்.”

அவள் வந்த காரியத்தை விடவில்லை. ராஜபாண்டியை வைத்து எழுதிக் கொண்டுவந்த மனுவை நீட்டினாள். அதில் மாரியம்மன் காப்பு, காளியம்மன் காப்பு, திருச்சுழியில் ஆடி அமாவாசை என்று எந்தெந்த நாளில் ஊர் அடங்கிக் கிடக்கும், எந்தெந்த நாளில் கூட்டம் அள்ளும் என்று ஒரு வருஷத்துக்கும் தேதி போட்டிருந்தது. இதைப் பார்த்துப் பெட்டியைக் கூட்டிக் குறையுங்கள் என்று கடைசியில் ஒரு வரி.

சக்திகுமார் மனுவை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது.

“அருமை அம்மா! இத்தனை நாளாக இந்தப் பட்டியல் இல்லாமல்தான் கஷ்டப்பட்டோம். கூட்டமுள்ள நாளில் எண்ணுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? தலைகள் மறைக்கும், பிழை வந்துவிடும். இனிமேல் ஊர் அடங்கிக் கிடக்கிற நாளாகப் பார்த்தே எண்ணலாம்.”

சௌடம்மாள் தான் கொடுத்த காகிதத்தைத் திரும்பப் பிடுங்கப் போனாள். அதற்குள் அதில் முத்திரை குத்திவிட்டார்கள்.

சக்திகுமார் சொன்னபடியே செய்தார். ஆடி மூன்றாம் வெள்ளி, காளியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற காலையில், ஆய்வு வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. ஏழு பெட்டி, எல்லாம் குளிர்சாதனம், உள்ளே வருகிறவர் சக்திகுமார் ஒருவர். இரண்டு பெட்டிகூட ஏன் தேவைப்படுகிறது என்று நேரில் ஆராய வருகிறார். ஆய்வு வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதால் அன்றைய ஆறு நாற்பது பாசஞ்சர் ரத்து. ஆய்வை முடித்துக்கொண்டு அவர் மதுரைக்குப் போக வேண்டும். பதினொரு மணிக்கு அங்கே ‘தேவைக்குச் சரியான பெட்டி’ என்ற விருதை அவருக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

ரத்து சங்கதி தெரியாமல் சௌடம்மாள் கணவரோடு ஆறரைக்கே வந்துவிட்டாள். முந்தின செவ்வாய்க்கிழமையும் ஏற முடியவில்லை. மூன்று நாளாகக் கருணாகரன் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே கிடந்தார். கால் இரண்டும் பலாக்காய் கணக்கில் வீங்கியிருந்தன. லோடு ஆட்டோவும் பருத்தி ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தது.

காளியம்மன் கோயில் ஸ்டேஷனை ஒட்டினாற்போலத்தான். காப்புக்காக ஊர் மொத்தமும் அங்கே கூடியிருந்தது. ஏழு பத்துக்கு ஆய்வு வண்டி வந்து நின்றதும், சக்திகுமார் இறங்கி மேளத்தைக் கேட்டார், கூட்டத்தைப் பார்த்தார். எல்லாம் தனக்கென்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார். கோயிலில் படம் எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் போட்டோக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்.

சௌடம்மாள் நேராக அவரிடம் போனாள்.

“சார், இன்னைக்கு வண்டிய நிறுத்திப்புட்டீக. இவுக எட்டரைக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். ஒங்க வண்டி விருதுநகரு வழியாத்தான போகுது? ஒரு ஓரமா தரையில ஒக்காந்துக்கிடுறோம்.”

“இது பயணிகள் வண்டி அல்ல அம்மா. பயணிகளைப் பற்றிய வண்டி. இதில் பயணிகளை ஏற்றினால் ஆய்வு கெட்டுவிடும்.”

“ஏழு பெட்டியும் காலியாக் கெடக்கே சார்!”

“காலியாக இருந்தால்தான் ஆய்வாளர் சிந்திக்க முடியும்.”

அவள் பதில் சொல்வதற்குள் பூசாரி பொன்ராஜ் தாம்பாளத்தோடு வந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் கட்டி முடித்து, எல்லைக்குள் நிற்கிற விருந்தாளிகளுக்குக் கேட்டுக் கட்டுவது வழக்கம். மூன்று தடவை கேட்பார்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள்.

“மனசாரக் கட்டிக்கிடுறீகளா சார்?”

“தாராளமா, தாராளமா.” கண் போட்டோக்காரர் மேல் இருந்தது.

“கட்டுனா கட்டுப்படணும். சம்மதமா சார்?”

“கட்டுங்க பெரியவரே. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக் கட்டுங்க, முகம் தெரியணும்.”

மூன்றாம் தடவையும் கேட்டார். சக்திகுமார் மூன்றாம் தடவையும் தலையாட்டினார். மஞ்சள் நூல் முடிச்சு விழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். சக்திகுமார் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து வண்டியை நோக்கித் திரும்பினார்.

“எங்க சார் போறீக?” என்றார் பொன்ராஜ்.

“மதுரைக்கு. பதினொரு மணிக்கு விழா.”

“அது எப்பிடிப் போவீக? எட்டு நாளு கழிச்சுப் போங்க. காப்புக் கட்டிட்டீகள்ல.”

சக்திகுமார் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நூலின் முடிச்சில் விரலை வைத்தார். நானூறு பேர் அந்த விரலையே பார்த்தார்கள். விரலை எடுத்துவிட்டார். நூலோடேயே போய்விடலாம் என்று முடிவு செய்து நடந்தபோது, இன்ஜினிலிருந்து டிரைவர் கருத்தப்பாண்டி இறங்கி வந்தார். நரிக்குடிப் பக்கத்துக்காரர். நடந்ததையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

“மன்னிக்கணும் சார். காப்புக் கட்டுன ஆள ஏத்திக்கிட்டு இந்த ஊரு எல்லையத் தாண்ட மாட்டேன். நான் பிள்ளைகுட்டிக்காரன்.”

“உன்னை சஸ்பெண்ட் செய்துவிடுவேன்!”

“செய்யிங்க சார். எழுதிக் குடுங்க. காரணம்ங்கிற எடத்துல காப்புன்னு போட்டுருங்க.”

சக்திகுமார் பேனாவை எடுத்தார். பட்டியலை எடுத்தார். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார், கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தார். ஒன்பது காரணத்தில் அது இல்லை. பட்டியலில் இல்லாத காரணம் காரணமே அல்ல. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

அதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து வண்டியை எடுக்கச் சொல்லி போன் வந்துவிட்டது. கருத்தப்பாண்டி மேடையை ஒரு சுற்றுப் பார்த்தார். கையில் நூல் இல்லாத ஆட்கள் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏத்தி விடுங்கய்யா அவர” என்றார். நானூறு பேரில் எட்டுக் கை போதுமானதாக இருந்தது. கருணாகரனை முதல் பெட்டியில், வெள்ளை விரிப்புப் போட்ட படுக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். வண்டி நகர்ந்தது. சக்திகுமார் கூடவே நான்கு எட்டு ஓடினார். “நிறுத்துங்கள்! நான் போக வேண்டும்! இது என் வண்டி!”

சௌடம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏறுனவுகதான் சார் பயணி. நீங்க பொதுமக்கள். ஒங்கள எண்ண ஆளு கெடையாது!”

எட்டு இருபதுக்கு வண்டி விருதுநகர் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குக் கருணாகரனுக்கு மெஷின் கிடைத்தது, உயிர் தங்கியது.

கதையை இதோடு முடித்தால் கேட்கிறவர்களுக்கு மனசு ஆறும். எனக்கு ஆறவில்லை. சக்திகுமார் வெயிலில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, காப்பைப் பற்றித் தெரியாத வேறு கோட்டத்து ஜீப் வந்து ஏறிப் போனார். எல்லை தாண்டியதற்காக ஆத்தா அவரை ஒன்றும் செய்யவில்லை. விருதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சனிக்கிழமையே அறிக்கை எழுதிவிட்டார். ‘ஏழு பெட்டி வசதியோடு வண்டி அனுப்பியும் ஓடைக்குறிச்சியில் ஏறியவர்கள் இருவர் மட்டுமே. மேடையில் ஒரு நபர் பயணம் செய்ய விரும்பியதாகத் தெரிகிறது. அவர் ஏறாததால் கணக்கில் கொள்ளப்படவில்லை. இத்தடத்துக்கு ஒரு பெட்டி போதுமானது.’

செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வந்தது. ஊர்க்காரர்கள் காப்பில் இருந்ததால் ஏற ஆளில்லை. ஆனால் திருச்சுழியிலிருந்தே பெட்டி பிதுங்கி வந்தது. வாசலில் நின்றவர்களுக்கு ஒரு காலுக்குத்தான் இடம். சௌடம்மாள் கணவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்த ஒரே வாசலில் முட்டினாள்.

“ஏலே, நகருங்கடா! உள்ள இருக்கிறவன் மட்டுந்தான் மனுசனா? நகருங்கடா!”

வீரசோழன் ஊரைச் சேர்ந்த யாவாரி ஒருவர், செவ்வாய்தோறும் பார்த்துப் பழகிய பாய், தன் சரக்குப் பையைத் தூக்கி மேடையில் எறிந்துவிட்டுக் கருணாகரனின் கக்கத்தில் கைகொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டார். “நாம் பாத்துக்கிர்றேன்மா, ஆஸ்பத்திரியில சேத்துர்றேன்!” என்று அவர் கத்தியது கேட்டது. சௌடம்மாள் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிடிக்கக் கம்பி இல்லை, எல்லாவற்றிலும் கைகள் இருந்தன. வண்டி போய்விட்டது.

ராஜபாண்டி கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். சௌடம்மாள் யாவாரி பாயின் பையை எடுத்துத் தூசியைத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். கையில் இரண்டு டிக்கெட்டும் அப்படியே இருந்தன.

“அன்னைக்கு அரைன்னா எதுன்னு கேட்டேன், ஒருத்தனும் சொல்லல” என்றாள். “மிச்ச அரை இங்கன நிக்கிதுன்னு எழுதிப் போடு, ராஜபாண்டி.”

சொல்லிவிட்டு, ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடிக்க விலக்கைப் பார்த்து வேகமாக நடந்தாள்.